சிறையிலிருப்பவர் இழப்பது சுதந்திரத்தை மட்டுமே: கைதிகளின் சட்ட உரிமைகளும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டியவையும்

ஒருவர் கைதாகி சிறைக்குப் போய்விட்டார் என்ற செய்தி ஊரில் பரவியதும் அவரைப் பற்றிய தீர்ப்பை ஊரே எழுதிவிடுகிறது. நீதவான் ஒரு சாட்சியைக்கூட இன்னும் விசாரித்திருக்க மாட்டார். ஆனால் தேநீர்க் கடையிலும் வட்சப் குழுமங்களிலும் வழக்கு முடிந்திருக்கும். அதற்குப் பின் வருவது மௌனம். வெட்கத்தால் குடும்பம் வெளியே பேசுவதில்லை, பயத்தால் அயலவர் விசாரிப்பதில்லை, "நமக்கேன் வம்பு" என்று சமூகத் தலைமைகள் ஒதுங்கிக்கொள்கின்றன.

இந்த மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. கைதிகளுக்கு எமது நாட்டின் சட்டம் வழங்கியுள்ள முக்கியமான உரிமைகள் பல காலக்கெடுவுடன் கூடியவை. அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு ஒரு மாதம், மேன்முறையீட்டுக்கு 14 நாட்கள். உள்ளே இருப்பவரால் அந்த நாட்களை எண்ணிக்கொண்டு சட்டத்தரணியைத் தேட முடியாது. வெளியே இருப்பவர்கள்தான் அதைச் செய்ய வேண்டும். எனவே கைதிகளின் உரிமைகளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் கைதிகளின் குடும்பத்தாரே. இக்கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

சிறை எதைப் பறிக்கிறது?

சிறைத்தண்டனை என்பது ஒருவரின் நடமாடும் சுதந்திரத்தைப் பறிப்பதாகும். அவரது மனித மாண்பு, உயிர்ப் பாதுகாப்பு, மருத்துவம், மார்க்கம், நீதிமன்றத்தை நாடும் உரிமை ஆகியன சிறைவாசலில் கழற்றி வைக்கப்படுவதில்லை.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரை எந்த ஆளையும் சித்திரவதைக்கோ, கொடூரமான, மனிதாபிமானமற்ற அல்லது இழிவான நடத்தைக்கோ தண்டனைக்கோ உட்படுத்தலாகாது என்கிறது. இங்கு "பிரசை" என்றில்லாமல் "ஆள்" என்ற சொல்லே பயன்படுத்தப்பட்டுள்ளது. குற்றவாளியும் சந்தேகநபரும் வெளிநாட்டவரும் அதற்குள் அடங்குவர். அமல் சுதத் சில்வா எதிர் கொடிதுவக்கு வழக்கில் உயர் நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. மனுதாரர் எவ்வளவு பாரதூரமான குற்றவாளியாக இருந்தாலும் 11 ஆவது உறுப்புரையின் பாதுகாப்பு அவருக்கு உண்டு என்பதே 1987 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் பதிவாகியுள்ள அத்தீர்ப்பின் சாரம்.

சித்திரவதை தனியான குற்றமும் ஆகும். 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தின்படி சித்திரவதை செய்யும் அரச உத்தியோகத்தருக்கு ஆகக் குறைந்தது 7 ஆண்டுகள், ஆகக் கூடியது 10 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

இலங்கை 1980 இல் ஏற்றுக்கொண்ட குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் 10 ஆவது உறுப்புரையும் சுதந்திரம் பறிக்கப்பட்ட அனைவரும் மனிதாபிமானத்துடன் நடத்தப்பட வேண்டும் என்கிறது. 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் 122 விதிகளில் இதை விரித்துரைக்கின்றன. 15 நாட்களுக்கு மேல் தொடர்ச்சியாகத் தனிமைச் சிறையில் வைக்கக்கூடாது, வெளியே உள்ள மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் மருத்துவம் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பன அவற்றுள் இரண்டு.

விளக்கமறியல் தண்டனையல்ல

"ஜெயிலில் இருக்கிறான்" என்ற ஒரே சொல்லில் நாம் இரு வேறு மனிதர்களைக் குழப்பிவிடுகிறோம். ஒருவர் நீதிமன்றம் குற்றவாளியெனக் கண்டு தண்டித்த கைதி. மற்றவர் விசாரணை முடியும் வரை தடுத்து வைக்கப்பட்டுள்ள விளக்கமறியல் கைதி. அரசியலமைப்பின் 13(5) ஆவது உறுப்புரையின்படி குற்றவாளியென நிரூபிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுற்றவாளி என்றே கருதப்பட வேண்டும். எமது சிறைகளில் இருப்போரில் பெரும்பாலானோர் இந்த விளக்கமறியல் கைதிகளே. சிறைகளின் கொள்ளளவைப் பெருமளவு தாண்டி நெரிசல் ஏற்படுவதற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

நெரிசலின் விளைவை நாடு பல தடவை பார்த்துவிட்டது. கொவிட் அச்சம் பரவியிருந்த 2020 நவம்பர் 29 அன்று மஹர சிறைச்சாலையில் ஏற்பட்ட அமைதியின்மையில் 11 கைதிகள் உயிரிழந்தனர். நூற்றுக்கும் அதிகமானோர் காயமடைந்தனர். நெருக்கடி மிகுந்த கட்டடத்தில் நோய் பற்றிய பயம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

சிறைச்சாலைகள் கட்டளைச்சட்டம் 1877 ஆம் ஆண்டுக்குரியது. ஆயினும் அந்தப் பழைய சட்டமே தண்டனை பெறாதவரைத் தண்டனைக் கைதிகளிலிருந்தும், பெண்களை ஆண்களிலிருந்தும் பிரித்து வைக்க வேண்டும் என்கிறது. தண்டனை பெறாதவர் விதிகளுக்கு உட்பட்டு வெளியிலிருந்து உணவும் உடையும் பெறவும் அது இடமளிக்கிறது.

கைதான முதல் நாட்கள்

கைது செய்யப்படும் எவருக்கும் கைதுக்கான காரணம் சொல்லப்பட வேண்டும். இது 13(1) ஆவது உறுப்புரை தரும் உரிமை. சாதாரண சட்டத்தின் கீழ் கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பதே குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் பொதுவிதி. சில சட்டங்கள் இதற்கு விதிவிலக்கு அளிக்கின்றன.

பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி ஒருவர் தனது கட்சிக்காரருக்காகத் தோன்றுவதற்கு 2012 இல் வர்த்தமானியில் வெளியான பொலிஸ் விதிகள் இடமளிக்கின்றன. எனவே "நீதிமன்றத்துக்கு வந்த பிறகு சட்டத்தரணியைப் பார்க்கலாம்" என்று காத்திருக்கத் தேவையில்லை.

தமிழ் பேசும் எமக்கு மொழி ஒரு பெரும் பொறி. விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிடுமுன், அதை வாசித்து விளக்குமாறு கேட்க வேண்டும். நீதிமன்றத்தில் வழங்கும் மொழி விளங்காவிட்டால், தமிழில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் அரசால் வழங்கப்பட வேண்டும். இது 24(3) ஆவது உறுப்புரை தந்துள்ள உரிமை. நீதவானிடம் நேரடியாகவே அதைக் கேட்கலாம்.

கைதின்போது தாக்கப்பட்டிருந்தால், முதல் முறை நீதவான் முன் நிறுத்தப்படும்போதே அதைச் சொல்ல வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புமாறு கோர வேண்டும். காயங்கள் ஆறிவிடும். மருத்துவ அறிக்கைதான் பின்னர் சாட்சியாக நிற்கும்.

பிணை

1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் ஒரு அடிப்படைக் கொள்கையுடன் தொடங்குகிறது: பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு. சந்தேகநபர் நீதிமன்றத்துக்கு வராமல் இருந்துவிடுவார், சாட்சிகளில் தலையிடுவார், பிணையில் இருக்கும்போது மீண்டும் குற்றம் செய்வார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அல்லது விடுதலையால் பொதுமக்களிடையே கொந்தளிப்பு ஏற்படும் எனக் கருதினால் நீதிமன்றம் பிணையை மறுக்கலாம். மறுத்தால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம்.

அதே சட்டத்தின் 16 ஆவது பிரிவையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். கைதான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் வழக்கு முடியாவிட்டால், அதற்கு மேல் ஒருவரைத் தடுத்து வைக்கக்கூடாது என்பதே பொதுவிதி. சட்டமா அதிபரின் விண்ணப்பத்தின் பேரில் மேல் நீதிமன்றம் இதை நீடிக்கலாம். அந்த நீடிப்பு ஒரு தடவைக்கு 3 மாதங்களையும் மொத்தத்தில் மேலும் 12 மாதங்களையும் தாண்ட முடியாது. ஆகவே கைதான திகதியைக் குறித்து வையுங்கள். ஓராண்டு நெருங்கும்போது சட்டத்தரணியிடம் இப்பிரிவை நினைவூட்டுங்கள்.

பிணை கிடைத்தும் உள்ளே இருப்போர் உண்டு. காசுப் பிணைக்குப் பணமில்லை, சரீரப் பிணைக்குக் கையொப்பமிட ஆளில்லை, அல்லது பிணையாளியின் கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் வந்து சேரவில்லை. நிபந்தனைகளை நிறைவேற்ற இயலாதபோது அவற்றைத் தளர்த்துமாறு நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கலாம்.

பிணைச் சட்டம் எட்டாத இடங்கள்

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானோருக்கும், பிணை பற்றித் தனியான ஏற்பாடு கொண்ட வேறு சட்டங்களின் கீழ் கைதானோருக்கும் மேற்சொன்ன பிணைச் சட்டம் பொருந்தாது. போதைப்பொருள் வழக்குகளுக்கும் தனி ஏற்பாடு உண்டு. எமது சமூகம் 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின் இந்தச் சட்டங்களின் கடுமையை நேரடியாக அனுபவித்தது.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்டது. அதன்படி தடுப்புக்காவல் உத்தரவின் உச்சக் காலம் 18 மாதங்களிலிருந்து 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. தடுத்து வைக்கப்பட்டவரைச் சட்டத்தரணி சந்திக்கவும் உறவினர் தொடர்புகொள்ளவும் ஏற்பாடு செய்யப்பட்டது. தடுப்பு இடத்துக்கு நீதவான் மாதம் ஒரு தடவையாவது சென்று பார்க்க வேண்டும். கைதாகி 12 மாதங்களாகியும் வழக்கு விசாரணை தொடங்காவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் பிணை கோரலாம். இச்சட்டத்தின் கீழான கைதை 48 மணித்தியாலங்களுக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டிய கடமையும் அதிகாரிகளுக்கு உண்டு. குடும்பத்தாரும் உடனே ஆணைக்குழுவைத் தொடர்புகொண்டு அந்த அறிவித்தல் கிடைத்ததா எனக் கேட்க வேண்டும். ஆயினும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகும் என்ற ஆபத்தான ஏற்பாடு அத்திருத்தத்தால் நீக்கப்படவில்லை.

கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை முன்னிட்டு 2020 மே மாதம் கைதானார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் 2020 ஏப்ரலில் கைதாகி, மேன்முறையீட்டு நீதிமன்றம் பிணை வழங்கிய 2022 பெப்ரவரி வரை உள்ளே இருந்தார். நாட்டறிந்த சட்டத்தரணி ஒருவருக்கே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் என்றால், பெயர் தெரியாத ஒரு கூலித் தொழிலாளியின் நிலை என்னவாக இருக்கும்?

2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டமும் இத்தகையதே. அதன் 3 ஆவது பிரிவின் கீழான குற்றத்துக்கு மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விதிவிலக்கான சந்தர்ப்பங்களில், பிணை வழங்கலாம். சிறுபான்மையினரை வெறுப்புப் பேச்சிலிருந்து காக்க உதவ வேண்டிய சட்டம் இது. ஆனால் ஒரு முகநூல் பதிவுக்காக 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸிக் இச்சட்டத்தின் கீழ் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிய காலத்தில் மனு தாக்கல் செய்யப்பட்டதால்தான் அத்தீர்ப்பு சாத்தியமாயிற்று.

சிறைக்குள் மார்க்கமும் மருத்துவமும்

மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் 10 ஆவது உறுப்புரை உறுதிப்படுத்துகிறது. தொழுகை, நோன்பு, அல்குர்ஆன் பிரதி வைத்திருத்தல், மார்க்க அறிஞரின் சந்திப்பு ஆகியவற்றுக்கு மண்டேலா விதிகளும் ஆதரவாக உள்ளன. பெருநாள் தினங்களில் உறவினர் உணவு கொண்டுசென்று கைதிகளைப் பார்வையிட சிறைச்சாலைகள் திணைக்களம் விசேட அனுமதி வழங்குவதும் வழக்கம். ரமழானில் ஸஹர், இஃப்தார் உணவு பற்றிய கோரிக்கையை நோன்பு தொடங்குமுன்பே சிறைச்சாலை அத்தியட்சகருக்கு எழுத்தில் கொடுப்பது நல்லது.

நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர் கைதானால் மருந்துச்சீட்டு, கிளினிக் அட்டை ஆகியவற்றின் பிரதிகளைச் சிறைச்சாலை மருத்துவரிடமும் நீதிமன்றத்திலும் சமர்ப்பியுங்கள். உரிய சிகிச்சை கிடைக்காவிட்டால் நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவந்து உத்தரவு கோரலாம். பெண்களின் உடலைப் பெண்களே சோதனையிட வேண்டும்.

தண்டனைக் கைதிகள் தேர்தலில் வாக்களிக்கும் தகுதியைக் குறிப்பிட்ட நிபந்தனைகளின் கீழ் இழக்கின்றனர். விளக்கமறியலில் இருப்பதால் மட்டும் எவரும் அத்தகுதியை இழப்பதில்லை. அவர்கள் வாக்களிப்பதற்கான ஏற்பாடுதான் செய்யப்படாதிருக்கிறது. சட்டத்தில் இருந்தும் கைக்கு எட்டாத உரிமைக்கு இது ஓர் உதாரணம்.

தண்டப்பணம் கட்ட முடியாமல் சிறை

ஒவ்வோர் ஆண்டும் சிறைக்குச் செல்லும் தண்டனைக் கைதிகளில் கணிசமானோர் தண்டப்பணம் செலுத்த இயலாதவர்கள். அதாவது, நீதிமன்றம் அவர்களுக்கு முதலில் விதித்தது சிறை அல்ல, பணம். காதி நீதிமன்றம் விதித்த தாபரிப்புப் பணம் நிலுவையானாலும் அது நீதவான் நீதிமன்றத்தினூடாகத் தண்டப்பணத்தைப் போலவே அறவிடப்படுகிறது. அதைச் செலுத்தத் தவறியும் சிலர் சிறை செல்கின்றனர்.

தண்டப்பணத்தைச் செலுத்தக் கால அவகாசமோ தவணையோ கேட்கலாம். சிறைக்குச் சென்ற பிறகும் பணம் செலுத்தப்பட்டால் விடுதலை கிடைக்கும். ஒரு பகுதி செலுத்தப்பட்டால் அதற்கேற்ப நாட்கள் குறையும். சிறைக்குப் பதிலாகச் சமுதாய சேவையில் ஈடுபடுத்த 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டமும் இடமளிக்கிறது.

மேன்முறையீடு

நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கும் மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கும் எதிராக 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும். சட்டத்தரணி இல்லாத கைதி சிறைச்சாலை அதிகாரிகளினூடாகவும் மேன்முறையீட்டு மனுவைக் கையளிக்கலாம். மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போது பிணை கோரவும் வழியுண்டு. சட்டத்தரணிக்குப் பணம் சேர்த்துவிட்டுப் பார்க்கலாம் என்று இந்த 14 நாட்களைக் கடத்திவிடாதீர்கள். மனுவை முதலில் கொடுத்துவிட வேண்டும்.

வசதியற்றோருக்கு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. பல நீதிமன்ற நகரங்களில் அதன் நிலையங்கள் இயங்குகின்றன.

உரிமை மீறப்பட்டால்

அடிப்படை உரிமை மீறலுக்கு 126 ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் சட்டத்தரணியோ இதைச் செய்யலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்த ஒரு மாதக் கணக்கில் சேர்க்கப்படாது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆவது பிரிவு கூறுகிறது. உயர் நீதிமன்றம் செல்லப் பணமோ நேரமோ போதாதவர்களுக்கு இது பெரும் உதவி. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்வது அவசியம்.

ஆணைக்குழுவின் அதிகாரிகள் தடுப்பு இடங்களுக்குச் சென்று பார்வையிடலாம். 2020 இல் ஆணைக்குழு வெளியிட்ட சிறைச்சாலைகள் பற்றிய ஆய்வு நெரிசல், சுகாதாரம், வன்முறை ஆகியவற்றை விரிவாகப் பதிவு செய்தது. சட்டவிரோதமாக ஒருவர் தடுத்து வைக்கப்பட்டிருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ மாகாண மேல் நீதிமன்றத்திலோ ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம்.

காவலில் மரணம்

எழுதவே மனம் வராத விடயம், ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. பொலிஸ் காவலிலோ சிறையிலோ ஒருவர் இறந்தால் நீதவான் மரண விசாரணை நடத்த வேண்டும். எமது குடும்பங்களில் இவ்வேளையில் எழும் முதல் கவலை ஜனாஸாவை விரைவாக அடக்க வேண்டும் என்பதே. அந்த அவசரத்தில் "எங்களுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பின்னர் உண்மையைத் தேடுவது கடினமாகிவிடும். தேவைப்பட்டால் நீதவானின் உத்தரவில் கப்ரைத் தோண்டி உடலை மீண்டும் பரிசோதிக்கும் நிலையும் ஏற்படலாம். ஆகவே பிரேத பரிசோதனையைத் தவிர்க்க முயலாமல், அதை விரைவாகவும் முழுமையாகவும் நடத்துமாறு நீதவானிடம் கேட்பதே சரியான வழி. உடலில் காணும் காயங்களைப் பற்றி அங்கேயே சாட்சியமளியுங்கள்.

சிறியானி சில்வா எதிர் இத்தமல்கொட வழக்கில், காவலில் இறந்தவரின் மனைவிக்கு அவர் சார்பில் அடிப்படை உரிமை மனுவைக் கொண்டு நடத்தும் உரிமை உண்டு என உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும் அது உள்ளடங்கியிருக்கிறது என்பதும் அவ்வழக்கில் நிலைநாட்டப்பட்டது.

சமூகத்தின் கடமை

யூஸுப் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாறு நாம் அனைவரும் அறிந்தது. குற்றமற்ற அவர் சிறையில் இருந்தார். உடனிருந்து விடுதலையான தோழர் தன் எஜமானிடம் அவரைப் பற்றிச் சொல்ல மறந்துபோனார். அந்த மறதியால் அவர் மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே கழித்தார். வெளியே இருப்பவரின் மறதி உள்ளே இருப்பவருக்கு ஆண்டுக்கணக்கான சிறையாகலாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஸக்காத் நிதியங்களும் சட்டத்தரணிகளும் சேர்ந்தால் செய்யக்கூடியவை பல. ஊரவர் ஒருவர் கைதானால் முதல் நாளே குடும்பத்துடன் பேச ஒருவரை நியமிக்கலாம். ஏழைகளின் தண்டப்பணத்துக்கும் பிணைக்கும் சிறு நிதியொன்றை ஒதுக்கலாம். மாதம் ஒரு தடவை இலவச சட்ட ஆலோசனை நடத்தலாம். உள்ளே இருப்பவரின் பிள்ளைகள் மத்ரஸாவிலும் பாடசாலையிலும் ஒதுக்கப்படாமல் பார்த்துக்கொள்ளலாம். இவை எதுவும் குற்றத்துக்குத் துணைபோவதாகாது. குற்றத்தை நீதிமன்றம் விசாரிக்கட்டும், தேவையானால் தண்டிக்கட்டும். சட்டம் விதிக்காத தண்டனையை ஒருவர் அனுபவிக்காதபடி பார்த்துக்கொள்வதே எம்மீதுள்ள பொறுப்பு.

உறவினர் யாரேனும் இன்று உள்ளே இருந்தால், கைதான திகதி, வழக்கு இலக்கம், நீதிமன்றத்தின் பெயர், அடுத்த தவணைத் திகதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு மாதமும் 14 நாட்களும் எப்போது முடிகின்றன என்பதை அதன் கீழே குறித்துக்கொண்டு, இன்றே ஒரு சட்டத்தரணியிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ அந்தத் தாளைக் காட்டுங்கள்.